மாய உலகம் சமைத்தவர்கள் – 6: கடைக்காரிக்குக் கண் தெரியாது

கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லாமல்தான் சென்ற வாரம் நிறுத்தினேன்.

அமெரிக்கப் பிள்ளைகளைக் கெடுத்துச் சீரழிக்க வந்த சாத்தான் நீ. இதுதான் அதன் சாரம்.

1983இல் வெளியான ‘அல்டிமா 3’ கேமின் பெட்டியில் ஓர் அரக்கன் படம் போட்டிருந்தார்கள். அது போதாதா? ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடும் பிள்ளைகள் பில்லி சூனியத்தில் போய் விழுவார்கள் என்று தேவாலயங்களும் பெற்றோர்களும் அமெரிக்கா முழுக்கப் பதறிக்கொண்டிருந்த காலம் அது. கம்ப்யூட்டரில் அதே மாதிரி ஆட்டம் எழுதி விற்கிறவருக்கும் ஒரு பங்கு வசவு வந்து சேர்ந்தது. வாங்கிக்கொண்ட ரிச்சர்ட் காரியட்டுக்கு அப்போது 22 வயது.

வசவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை உறுத்தியவை கூடவே வந்த மற்றக் கடிதங்கள். எல்லாம் பாராட்டுக் கடிதங்கள். ‘உங்கள் கேமை முடித்துவிட்டேன், எப்படி முடித்தேன் தெரியுமா’ என்று ரசிகர்கள் பெருமையோடு விவரித்திருந்தார்கள். ஊருக்குள் புகுந்து கடையில் இருக்கும் பெட்டிகளைத் திருடினேன். தடுக்க வந்த காவலர்களைக் கொன்றேன். வழியில் நின்ற அப்பாவி ஊர்க்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. கையில் காசு சேர்ந்தது, நல்ல ஆயுதம் வாங்கினேன், கடைசி அரக்கனை ஒழித்து உலகத்தைக் காப்பாற்றினேன்.

உலகத்தைக் காப்பாற்றிய மாவீரன் செய்ததெல்லாம் கொள்ளையும் கொலையும். அதைத் தடுக்கும்படி அந்த கேமில் ஒன்றுமே இல்லை. சொல்லப்போனால், அப்படி ஆடுகிறவருக்குத்தான் வேலை சீக்கிரம் முடிந்தது.

இந்த வாரம் புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஒரு சுருக்கம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார்கள். காகிதம், பென்சில், பகடை, நாலு நண்பர்கள், இவ்வளவுதான் தேவை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் மந்திரவாதியாகவோ திருடனாகவோ நடமாடுவார்கள். டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப் பார்த்தான். திரைகூட இல்லாத டெலிடைப் எந்திரத்தில் 28 முறை எழுதி எழுதிப் பார்த்தான். கடைசியாக எழுதியதை ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு மாற்றி, ‘அகலபெத்’ என்று பெயர் வைத்து, அம்மா வரைந்த படத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையிலேயே தொங்கவிட்டான். அந்தப் பையன்தான் காரியட். முதல் ‘அல்டிமா’ 1981இல் வந்தது.

அப்பா ஓவன் காரியட் நாசாவின் விண்வெளி வீரர். 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் 59 நாள் இருந்துவிட்டு வந்தவர். மகனுக்கும் அந்த ஆசை இருந்தது. பார்வைக் குறைபாடு காரணமாக நாசாவில் இடம் கிடைக்காது என்று டாக்டர் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். (இந்த ஆசை எங்கே போய் முடிந்தது என்பது தனிக் கதை. இத்தொடரின் கடைசியில் வரும்.)

முதல் அல்டிமாவை வெளியிட்ட நிறுவனம் நொடித்துப்போனது. இரண்டாவதை வெளியிட்ட நிறுவனத்தோடு ராயல்டியில் தகராறு. அதனால் மூன்றாவதை வெளியிட 1983இல் அண்ணன் ராபர்ட், அப்பா, நண்பர் ஒருவர் என்று சேர்ந்துகொண்டு வீட்டுக் கார் ஷெட்டிலேயே ‘ஆரிஜின் சிஸ்டம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

சொந்தக் கம்பெனி ஆனதும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் ரசிகர் கடிதங்கள் பதிப்பாளரோடு நின்றுவிடும். இப்போது நேரே காரியட்டின் மேஜைக்கு வந்தன. நான் எழுதிய கேமை ஜனங்கள் இப்படித்தான் ஆடுகிறார்களா என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஃபேன்டஸி கேம்களின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான திருப்பம் இப்படித் தபாலில் வந்து சேர்ந்தது.

அடுத்த கேமில் அவர் என்ன செய்திருக்கலாம்? கடைக்காரரைத் தொட்டாலே ஆட்டம் முடிந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஊருக்குள் வாளை உருவவே முடியாதபடி செய்திருக்கலாம். இன்றைக்கும் பல கேம்களில் இதைத்தான் செய்கிறார்கள். காரியட் அந்தப் பக்கம் போகவில்லை. திருடலாம், கொல்லலாம், ஏமாற்றலாம், எதற்கும் தடையில்லை. உலகம் மட்டும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இரண்டு வருஷ உழைப்பு. கருத்தைத் தேடி அவர் எங்கெங்கோ போனார். இந்து மதத்தின் அவதாரக் கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. உண்மை, அன்பு, துணிவு என்று மூன்று தத்துவங்களை வைத்துக்கொண்டு, அவற்றை விதவிதமாகக் கலந்து எட்டு அறங்களை வகுத்தார். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு. இந்த எட்டிலும் தேறுகிறவர் ‘அவதார்’ ஆவார். அதுதான் கேமின் இலக்கு. 1985இல் ‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’ கடைக்கு வந்தபோது அதில் வில்லனே இல்லை.

அந்தக் காலத்து ஃபேன்டஸி கேம் என்றால் ஒரு கெட்ட மந்திரவாதி இருப்பான், அவனைக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை. முதல் மூன்று அல்டிமாவிலும் அதுதான். வில்லனை எடுத்துவிட்டு ‘நல்லவனாக இரு’ என்று சொன்னால் பதினாறு வயதுப் பையன் காசு கொடுத்து வாங்குவானா?

அவனை உள்ளே இழுக்க காரியட் வைத்திருந்த முதல் ஆள், ஒரு குறி சொல்லும் பெண்.

மற்ற கேம்களில் ஆரம்பத்திலேயே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பலம் எத்தனை, புத்தி எத்தனை, போர்வீரனா, மந்திரவாதியா. இங்கே படிவம் இல்லை. கூடார வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் குறிகாரி இரண்டு சீட்டுகளை எடுத்துப் போட்டு ஒரு கேள்வி கேட்கிறாள். ஒருவர் உங்களை நம்பி ஒரு பொற்காசுப் பையைக் கொடுத்து, இன்னாரிடம் சேர்த்துவிடு என்கிறார். எத்தனை காசு என்று எண்ணவில்லை. வழியில் ஒரு பிச்சைக்காரர் கை நீட்டுகிறார். ஒரு காசு எடுத்துக் கொடுப்பீர்களா, பையை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா?

நேர்மைக்கும் கருணைக்கும் மோதல். எந்த பதிலைச் சொன்னாலும் தப்பில்லை, எதைச் சொன்னாலும் மற்றது தோற்றுப்போகும். எட்டு அறங்களும் இப்படி இரண்டிரண்டாக மோதி, ஏழாவது கேள்வியில் ஒன்று மட்டும் மிஞ்சும். மிஞ்சியதை வைத்து நீங்கள் யார் என்று கேம் முடிவு செய்துவிடும். வீரம் மிஞ்சினால் போர்வீரன். நேர்மை மிஞ்சினால் மந்திரவாதி. பணிவு மிஞ்சியவருக்கு? ஆட்டிடையர் வேலை. எட்டு பேரில் நோஞ்சானும் அவர்தான். செருக்கால் அழிந்து பேய் உலாவும் மஜின்சியா என்ற ஊர்ப் பக்கம் அவரைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பணிவு வேண்டும் என்று கேட்டவருக்குப் பணிவைப் பழக இதைவிடத் தோதான இடம் ஏது? எழுதியவருக்குக் குசும்பு அதிகம்.

இப்போது இந்த அத்தியாயத்தின் தலைப்புக்கு வருகிறேன்.

அல்டிமா 4இல் மந்திரம் சும்மா வராது. பூண்டு, ஜின்செங் வேர், சிலந்தி நூல், கந்தகச் சாம்பல், கருமுத்து என்று சரக்கு வாங்கிவந்து, எந்த மந்திரத்துக்கு எதெது என்று கையேட்டைப் பார்த்துக் கலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சரக்குகள் கடையில் கிடைக்கவே கிடைக்காது. வானத்தில் இரண்டு நிலாவும் மறைந்திருக்கும் இரவில், குறிப்பிட்ட இடத்துக்குப் போய்த் தேடி எடுக்க வேண்டும். மற்றதை வாங்க நாட்டு மருந்துக் கடை மாதிரி கடைகள் உண்டு. கடைக்காரிக்குக் கண் தெரியாது.

உங்களுக்குப் பத்துப் பூண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மூன்று காசு என்கிறாள் அவள். மொத்தம் முப்பது. மற்ற கடைகளில் இந்த இடத்தில் உங்கள் பையிலிருந்து பணம் தானாகக் கழிந்துவிடும். இங்கே கழியாது. ‘எவ்வளவு தருகிறாய்?’ என்று கேட்டுவிட்டு கேம் காத்திருக்கிறது. திரையில் ஒரு வெற்றிடம் துடித்துக்கொண்டிருக்கிறது. தொகையை நீங்கள்தான் தட்ட வேண்டும்.

30 என்று தட்டலாம். 1 என்றும் தட்டலாம்.

ஒரு காசைப் போட்டாலும் அவள் வாங்கிக்கொள்கிறாள். காவலன் ஓடிவருவதில்லை. எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. திரையில் எந்த எண்ணும் குறைவதில்லை. பூண்டு பையில் ஏறிவிட்டது. 29 காசு மிச்சம். ஆட்டத்தின் ஆரம்பத்தில் கையில் பணம் இல்லாமல் திண்டாடும் ஆட்டக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அடுத்த முறையும் ஒரு காசு. அதற்கடுத்த முறையும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை ஏமாற்றியபோதும் உள்ளே மூன்று கணக்குகளில் கை வைத்தாகிவிட்டது. நேர்மையில் வெட்டு, நீதியில் வெட்டு, மானத்தில் வெட்டு. எட்டு அறத்துக்கும் எட்டு கணக்கு, எல்லாமே மறைவாக. பிச்சைக்காரருக்குக் காசு போட்டால் கருணை ஏறும். வைத்தியசாலையில் ரத்தம் கொடுத்தால் தியாகம் ஏறும். சண்டையில் பாதியில் ஓடினால் வீரம் இறங்கும். பாம்பு, எலி போன்றவை இந்த உலகத்தில் தீய பிராணிகள் இல்லை. அவை தப்பி ஓடும்போது விரட்டிக் கொல்லாமல் விட்டால் நல்லது. ஊரில் யாராவது ‘நீதானே மகாவீரன்?’ என்கிற தினுசில் கேட்க, நீங்கள் மார்தட்டிக்கொண்டு ‘ஆமாம்’ என்று தட்டினால் போச்சு, பணிவில் அடி.

கணக்கைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானி. அவரும் எண்ணாகச் சொல்ல மாட்டார். எந்த அறம் என்று நீங்கள் பெயரைத் தட்டினால், அதில் எந்த நிலையில் இருக்கிறாய் என்று ஒரு வாக்கியம். பாராட்டாக இருக்கலாம், சாட்டையடியாகவும் இருக்கலாம். பல மணி நேரம் ஆடி, ஆயுதம் கவசம் எல்லாம் சேர்த்து, அரக்கர்களைக் குவியல் குவியலாகக் கொன்றுவிட்டு ராஜநடை போட்டு அவர் முன்னால் வந்து ‘நேர்மை’ என்று தட்டுகிற ஆட்டக்காரருக்கு, தான் ஒரு திருடன் என்பது அங்கேதான் தெரியவரும். எப்போது திருடினேன்? அவரே மறந்துபோன பூண்டுக் கடை.

என் கணிப்பில், ஃபேன்டஸி கேம் ஒன்று நல்ல கேம் என்பதிலிருந்து மகத்தான கேம் என்ற இடத்துக்குத் தாண்டிய முதல் தருணம் இந்த அரண்மனைக் கூடம்தான். படம் அழகாக இருந்ததாலா? ஆப்பிள் 2 திரையில் மனிதன் என்பது ஒரு குச்சி உருவம். உலகம் பெரிதாக இருந்ததாலா? பெரிதுதான், முந்தைய அல்டிமாவைப்போல் பதினாறு மடங்கு நிலப்பரப்பு. ஊருக்குள் நுழைய ஒரு ஃபிளாப்பி, பாதாளத்தில் இறங்க வேறொரு ஃபிளாப்பி என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பெரிய உலகத்தை யாரும் செய்துவிடலாம், அதற்குத் தேவை உழைப்பு மட்டும்தான். யாரும் பார்க்கவில்லை என்று நீங்கள் நினைத்தபோது செய்ததை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே வைப்பதற்கு வேறு திறமை வேண்டும். சினிமாவில் ஹீரோ திருடினால் திருடியது ஹீரோ. இங்கே விசையைத் தட்டியது உங்கள் விரல்.

கேமின் முடிவும் அப்படித்தான். பாதாளத்தின் கடைசித் தளம்வரை ரத்தம் சிந்திப் போனால், அங்கே பெரிய அரக்கன் யாரும் காத்திருக்க மாட்டான். கேள்விகள்தான் காத்திருக்கும். அறங்களைப் பற்றி, தத்துவங்களைப் பற்றி. பதில் தெரியாவிட்டால் இறங்கிவந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எட்டில் ஒன்றில் தேறி, பிறகு புத்தி பேதலித்துப் பழையபடி திருட ஆரம்பித்தால், வாங்கிய பட்டமும் பறிபோகும்.

பையன்கள் வாங்கினார்களா? வாங்கினார்கள். பதினோரு வருஷம் கழித்து, 1996இல், ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 150 சிறந்த கேம்கள் என்று பட்டியல் போட்டபோது அல்டிமா 4க்கு இரண்டாம் இடம். முதலிடம் ‘சிவிலைசேஷன்’.

இதைப் பார்த்துத்தான் பிற்பாடு ஆளாளுக்கு நல்லது கெட்டது கணக்கு வைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பலருக்கும் காரியட்டின் சூட்சுமம் பிடிபடவில்லை என்பேன். 2003இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ அருமையான கேம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒளிப் பக்கமா இருள் பக்கமா என்று ஒரு அளவுகோலைத் திரையில் காட்டிவிட்டார்கள். 2004இல் வந்த ‘ஃபேபிள்’ கேமில் கெட்டது செய்தால் தலையில் கொம்பு முளைக்கும், நல்லது செய்தால் ஒளிவட்டம் வரும். அளவுகோல் கண்ணுக்குத் தெரிந்த நிமிஷமே மனசாட்சி மதிப்பெண்ணாகிவிடுகிறது. இன்னும் நாலு பிச்சைக்காரருக்குக் காசு போட்டால் ஒளிவட்டம் வந்துவிடும் என்று ஆட்டக்காரர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். போலந்துக்காரர்கள் 2007இல் ‘விட்சர்’ முதல் பாகத்தை எடுத்தபோது புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். நீங்கள் எடுக்கும் முடிவின் விளைவு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, வேறு ஊரில், வேறு யாருடைய சாவாகவோ வந்து நிற்கும். பழைய சேவ் ஃபைலைத் திறந்து திருத்தலாம் என்றால் அது எப்போதோ கடந்துபோயிருக்கும். பூண்டுக் கடை வழிவந்தவர்கள் என்று நான் இவர்களைத்தான் சொல்வேன்.

விட்ட இடத்துக்கு வருவோம். நல்லவனாக இரு என்று ஒரு கேம் எழுதி ஜெயித்தாகிவிட்டது. அடுத்து என்ன? இன்னும் நல்லவனாக இரு என்றா?

1988இல் வந்த ‘அல்டிமா 5’ அந்த எட்டு அறங்களையே தூக்கி எதிரியின் கையில் கொடுத்தது. ராஜா காணாமல்போகிறார். பொறுப்பு ராஜாவாக உட்காரும் பிளாக்தார்ன் பிரபு, அறங்களை எல்லாம் சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கு போகும். தானம் செய்யாவிட்டால் தண்டனை. போன கேமில் மனசார தானம் செய்த அதே ஊரில், இப்போது காவலன் வந்து மிரட்டி வசூல் செய்கிறான். அறம் அதேதான், ஊர் நரகமாகிவிட்டது. கம்ப்யூட்டர் கேமில் அரசியல் பேச முடியும் என்று காட்டிய கேம்களில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

அதில் ஓர் அறை. அதனால் காரியட்டின் குடும்பத்துக்குள்ளேயே பிரளயம்.

பாதாளச் சிறை ஒன்றில், கூண்டுகளுக்குள் குழந்தைகள். விசையை இழுத்தால் கூண்டு திறக்கும். திறந்ததும் குழந்தைகள் உங்கள் மேலேயே பாய்ந்து தாக்குவார்கள். என்ன செய்வீர்கள்? சோதனைக்காக ஆடிப் பார்த்த ஊழியர் ஒருவர் இதைக் கண்டு கொதித்துப்போனார். குழந்தைகளைக் கொல்ல வைக்கும் கேமில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று புகார் மேலே போனது. மேலே என்றால் அண்ணன் ராபர்ட். வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரே ஒரு அறைதானே, எடுத்துவிடு என்றார். பெற்றோரும் அதையே சொன்னார்கள்.

காரியட் பிடிவாதமாக மறுத்துவிட்டார். கொல் என்று நான் எங்கே சொன்னேன்? மந்திரம் போட்டுத் தூங்கவைக்கலாம். அறையைவிட்டு ஓடிவிடலாம். கூண்டைத் திறக்காமலேயே போகலாம். சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன சில குச்சி உருவங்களைப் பார்த்து ஒரு மனிதர் இவ்வளவு கலங்குகிறார் என்றால், அந்த அறையைத்தான் நான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். அறை எடுக்கப்படவில்லை. வெளியான பிறகு யாரும் கொடி பிடிக்கவும் இல்லை.

1990இல் ‘அல்டிமா 6’. இதில் நடந்தது அதைவிடப் பெரிய துணிச்சல். சிவந்த உடம்பும் சிறகுமாக அரக்கர் கூட்டம் ஒன்று மனித ஊர்களைத் தாக்குகிறது. கார்காயில்கள். ஆரம்பக் காட்சியிலேயே உங்களைப் பலிபீடத்தில் கிடத்தி வெட்டப் பார்க்கிறார்கள். சரி, இந்த முறை வில்லன் வந்துவிட்டான், வெளுத்துக்கட்டலாம் என்று வாளை உருவிக்கொண்டு கிளம்புகிறோம். அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்களுடைய நூலைப் படித்தபிறகுதான் விஷயம் தெரிகிறது. அல்டிமா 4இல் பாதாளத்தில் இறங்கி ஒரு ஞான நூலை அடைந்தோமே, அது அவர்களுடையது. அதை நாம் எடுத்துக்கொண்டதால் அவர்கள் உலகம் இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய தீர்க்கதரிசனத்தில் நாம்தான் பேரழிவு கொண்டுவரும் பொய்த் தூதன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கேமில் செய்த மகத்தான சாதனை, இன்னொரு மக்களுக்குச் செய்த கொள்ளை. அந்த ஞான நூலை இரண்டு தரப்புக்கும் பொதுவாக்கிச் சமாதானம் செய்து வைப்பதுதான் இந்தக் கதையின் முடிவு. கொன்று ஜெயிக்க வழியே கிடையாது.

1992இல் வந்த ‘அல்டிமா 7’ பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் எழுதலாம், சுருக்கமாகவே சொல்கிறேன். குதிரை லாயத்தில் நடந்த ஒரு கொலையோடு ஆரம்பிக்கும். ஊர்க்காரர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போவார்கள், இரவானால் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்கள். மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து அடுப்பில் வைத்தால் ரொட்டி வரும். உலகத்தைக் காப்பாற்றுவதை ஒத்திப்போட்டுவிட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் ஏராளம். அதே கேமில் நல்லவர்கள்போல் நடித்து நாசவேலை செய்யும் ஜோடி ஒன்று வரும். பெயர்கள் எலிசபெத், ஆபிரகாம். முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். ஈ, ஏ. அப்போது ஆரிஜினுக்குக் கடும் போட்டியாக இருந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு வைத்த குத்து. கேம் ஏப்ரலில் வெளிவந்தது. செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சுமார் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஆரிஜினையே வாங்கிவிட்டது. சிரித்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனை கேமிலும் மாறாத ஒரு பாத்திரம் உண்டு. ராஜா. பெயர் லார்ட் பிரிட்டிஷ். அது காரியட்டேதான். இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதாலும், ‘ஹாய்’ என்று சொல்லாமல் ‘ஹலோ’ என்று சொன்னதாலும் 1977இல் ஒரு கம்ப்யூட்டர் முகாமில் சக மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். அதையே சூடிக்கொண்டு தன் உலகத்துக்குத் தானே ராஜாவானார். ராஜாவைக் கொல்ல முடியாது என்பது விதி. விதி என்று ஒன்று இருந்தால் ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அல்டிமா 3இல் அவரைக் கடலோரம் இழுத்துவந்து கப்பல் பீரங்கியால் சுட்டார்கள். 6இல் தூங்கும்போது கண்ணாடி வாளால் வெட்டினார்கள். 7இல் அரண்மனை வாசலில் மாட்டியிருக்கும் பலகையை, அவர் சரியாக நடுப்பகலில் கீழே வந்து நிற்கும்போது தலையில் விழவைத்தார்கள். எல்லாம் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், தனியாக. ராஜா செத்தது அந்த ஓர் ஆட்டக்காரருக்கு மட்டுமே தெரியும்.

பிறகு இன்டர்நெட் வந்தது. அல்டிமா உலகத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உலாவும்படி ‘அல்டிமா ஆன்லைன்’ தயாரானது. இனி குச்சி உருவங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். கடைக்காரியை ஏமாற்றினால் ஏமாறுவது யாரோ ஒருவரின் வீட்டுப் பையன். எட்டு அறங்களை எழுதியவருக்கு, மனிதர்கள் உண்மையிலேயே எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார்.

1997 ஆகஸ்ட். கேம் கடைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், பரீட்சார்த்த ஓட்டத்தில் கலந்துகொண்ட ஆட்டக்காரர்களுக்கு நன்றி சொல்ல லார்ட் பிரிட்டிஷ் நேரில் எழுந்தருளினார். பிளாக்தார்ன் கோட்டையில் கூட்டம் நெரிந்தது. கிரீடம், அங்கி சகிதமாக ராஜா நின்றார். அன்றைக்கு சர்வர் ஒரு தடவை படுத்து எழுந்திருந்தது. எழுந்தபிறகு, தனக்குச் சாவில்லை என்ற அமைப்பை மறுபடி போட்டுக்கொள்ள ராஜா மறந்திருந்தார். அது அவருக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது.

கூட்டத்தில் ஒரு திருடன் இருந்தான். இன்னொருவர் பையிலிருந்து சற்றுமுன் அடித்த நெருப்பு மந்திரச் சுருள் ஒன்று அவனிடம் இருந்தது. அதைப் பிரித்தான்.

ராஜா விழுந்தார். நூற்றுக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அல்டிமாவின் சரித்திரத்தில் முதல் முறையாக, எல்லோருக்கும் தெரியும்படி செத்துப்போனார். அடுத்த சில நிமிஷங்களில் அவருடைய ஆட்கள் அந்தக் கூட்டத்துக்கு என்ன செய்தார்கள், எட்டு அறங்கள் அப்போது எங்கே போயின, அந்தத் திருடன் என்னவானான் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)